நெட்வொர்க் வேலைக்குப் போகலாமா? 85,000 ரூபாய் கட்டுமுன் ஒரு கேள்வி

கேள்வி: 2024 ஜூன் 8

நான் விருதுநகர் பக்கம். 2023இல் இசிஇ முடித்தேன். இரண்டு அரியர் இருந்தது, போன டிசம்பரில்தான் கிளியர் ஆனது. கோடிங் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பிடிக்கவில்லை. சென்னையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் நெட்வொர்க்கிங் கோர்ஸுக்கு 85,000 கேட்கிறார்கள். ஆறு மாதம், நூறு சதவீத வேலை உத்தரவாதமாம். அப்பா வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்: கோடிங் தெரியாமல் இதில் காலம் தள்ள முடியுமா? உள்ளே வருமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஜூன் 8, இரவு

பதினாறு வருடமாக எனக்கு இதே பிழைப்பு. முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கட்டாதே தம்பி.

நானும் 2008இல் இப்படி ஒரு போர்டைப் பார்த்துச் சேர்ந்தவன்தான். வேலை உத்தரவாதம் என்று அவர்கள் காட்டியது, ஒரு கம்பெனி வாசலில் நடந்த வாக்-இன். பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து நானே பஸ் ஏறிப் போயிருக்கலாம். அந்த ஆறு மாதத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான்: லேபில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய ரூட்டரை இஷ்டத்துக்குத் தொட விட்டார்கள். அன்றைக்கு ரூட்டரைத் தொடுவதற்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நிஜ ரூட்டர் இல்லாமலே கணினியில் பழக உதவும் பேக்கெட் ட்ரேசர் இலவசம், ரூட்டர் செய்கிற சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிந்தால் இறக்கிக்கொள்ளலாம். அதே வேலைக்கு ஜிஎன்எஸ்3, அதுவும் இலவசம். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

கோடிங் வேண்டாம். சர்டிஃபிகேட்டும் வேண்டாம். சப்நெட்டிங், அதாவது நெட்வொர்க் முகவரிகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற கணக்கு, விரல் நுனியில் நிற்க வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், இன்று ஷிஃப்ட்.

ஜூன் 9

சப்நெட்டிங் என்றால் என்ன அளவுக்கு என்று கேட்டிருக்கிறாய். இந்த அளவுக்கு: 192.168.10.77 என்ற ஐபி முகவரி, பின்னால் /26 என்று யாராவது சொன்னால், பேனாவைத் தேடாமல் பதில் வர வேண்டும். /26 என்றால், துண்டின் அளவைச் சொல்லும் மாஸ்க் 255.255.255.192. 256இலிருந்து 192 போனால் 64. அப்படியானால் 0, 64, 128, 192 என்று நாலு துண்டு. 77 இரண்டாவது துண்டில் விழுகிறது. அது 64இல் தொடங்கி 127இல் முடிகிறது. 64 கணினிக்கு முகவரி கொடுக்கலாம். பக்கத்து மேசையில் 192.168.10.130 இருந்தால், இரண்டும் ஒரே ஸ்விட்சில் (கணினிகளைக் கேபிளால் சேர்க்கிற பெட்டி) செருகியிருந்தாலும், துண்டுகளுக்கு நடுவே வழி காட்டும் ரூட்டர் வழியாகத்தான் பேசிக்கொள்ளும்.

இதைத் தினமும் பத்து கணக்கு என்று இரண்டு வாரம் போட்டால் வந்துவிடும். எனக்கு மூன்று வாரம் ஆனது. பஸ் டிக்கெட்டின் பின்னால் போட்டுப் பழகினேன்.

ஜூன் 9, மாலை

64 கணினி இல்லை, 62. அறுபத்திரண்டு. முதல் முகவரி நெட்வொர்க்குக்கு, கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கு, அதாவது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப. 65 முதல் 126 வரைதான் கணினிக்கு. நாலு பேர் தனித்தனியாக வந்து திருத்திவிட்டார்கள். பதினாறு வருடம் என்று மார்தட்டிய அடுத்த நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு எழுதினால் இப்படித்தான்.

ஜூன் 11

ஒருவர் கேட்கிறார்: இந்தக் கணக்கெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே, வேலையில் எங்கே வருகிறது என்று. 2008 பிப்ரவரி 24ஆம் தேதி யூடியூப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலகத்தின் பெரும்பகுதியில் காணாமல் போனது. காரணம் இந்தக் கணக்குதான்.

யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று உலகத்துக்கு அறிவித்திருந்தது. பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னதும், அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம் 208.65.153.0/24 என்பதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. உள்ளூரோடு நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, அவர்களுக்கு மேலே இருந்த ஹாங்காங் நிறுவனத்தின் வழியாக வெளியே கசிந்துவிட்டது. ரூட்டருக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு வழி தெரிந்தால், எது இன்னும் குறுகலான முகவரித் துண்டைச் சொல்கிறதோ அதையே நம்பும். கோட்டுக்குப் பின் எண் கூடினால் துண்டு குறுகும், /22ஐ விட /24 குறுகல். உலகமெல்லாம் யூடியூபைத் தேடிப் பாகிஸ்தானுக்குப் போனது. யூடியூப்காரர்கள் என்ன செய்தார்கள்? தாங்களும் /24 அறிவித்தார்கள். அப்புறம் அதையும் இரண்டாக வெட்டி /25 என்று அறிவித்தார்கள். சப்நெட் கணக்கை ஆயுதமாக்கிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அதனால் போடு கணக்கை.

ஜூன் 15

சர்டிஃபிகேட் வேண்டாம் என்று முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆளெடுக்கும் அக்காவிடம் நேற்று பேச்சுவாக்கில் கேட்டேன். விண்ணப்பத்தில் சிசிஎன்ஏ (சிஸ்கோவின் ஆரம்ப நிலைச் சர்டிஃபிகேட்) என்ற எழுத்து இல்லாவிட்டால் ஃப்ரெஷர் விண்ணப்பம் என் மேசை வரைக்கே வராதாம். இத்தனை வருடமாக அது எனக்குத் தெரியாது. வந்ததை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லோரும் சிசிஎன்ஏ வைத்திருக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது' என்று அலட்சியமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே எழுது. 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒரே தேர்வு, 200-301 என்று எண். கட்டணம் 300 டாலர், அதற்கு மேல் வரி. இரண்டு மணி நேரம். ஒரு கேள்வியை விட்டு அடுத்ததுக்குப் போனால் திரும்பி வர முடியாது, பள்ளிக்கூடப் பழக்கத்தில் 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் போனது போனதுதான். மூன்று வருடம் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். 85,000க்குப் பதில் இதற்கு அப்பாவிடம் வாங்கு.

டம்ப், அதாவது வெளியே கசிந்த கேள்வி பதில்களை, மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு சொல். நான் நேர்முகத்தில் உட்காரும்போது ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். உன் கணினி 10.1.1.5, மாஸ்க் /24. அங்கிருந்து கூகுளின் 8.8.8.8க்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சோதனைச் செய்தி, கொடுக்கிறாய். கணினியை விட்டு வெளியே போகும் ஃப்ரேமில் (தகவல் போகும் உறை), சேருமிடம் என்ற இடத்தில் யாருடைய மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, இருக்கும்? பாதிப் பேர் 'கூகுளுடையது' என்பார்கள். இல்லை, கேட்வேயுடையது, அதாவது வெளியே போகும் வாசலாக நிற்கிற ரூட்டருடையது. ஐபி முகவரி கடைசி ஊரைச் சொல்லும், மேக் முகவரி அடுத்த ஸ்டாப்பை மட்டும் சொல்லும். இது புரிந்தவனுக்குப் பாதி நெட்வொர்க் புரிந்த மாதிரி. பேக்கெட்டை, அதாவது போகிற வருகிற தகவல் துண்டை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை இறக்கி உன் வீட்டு வைஃபையிலேயே பார்த்துவிடலாம். சும்மா ஒரு பிங் கொடு, பேக்கெட்டைத் திறந்து பார். படித்ததை விட நன்றாக நிற்கும்.

ஜூன் 22

'நீங்கள் செய்த பெரிய சொதப்பல் எது' என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லவா? சொல்கிறேன், கம்பெனி பெயர் கேட்கக் கூடாது.

2011. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பதினாலு விலேன், ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்தவை. புதிதாகக் கேமராக்களுக்கு ஒரு விலேன் சேர்க்க வேண்டும், எண் 90. இரவு ஒன்றரை மணிக்கு மேல் செய்யலாம் என்று அனுமதி. நான் வேளச்சேரியில் வீட்டில் இருந்தபடி, லுங்கியோடு, லேப்டாப்பில். பல விலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் அந்த விலேனை அனுமதிக்க வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் அந்தக் கட்டளை 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் ஆட் 90'. நான் 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'ஆட்' இருந்தால், இருக்கிற பட்டியலோடு 90ஐயும் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால், இனி 90 மட்டும்தான் பட்டியல். பதினாலும் போய்விட்டது. நான் எந்த விலேன் வழியாக உள்ளே வந்திருந்தேனோ அதுவும் போய்விட்டது.

திரை அப்படியே நின்றது. எண்டர் அடித்தேன். மறுபடி அடித்தேன். வயிற்றில் ஒன்று கலங்குமே, அது கலங்கியது. பேண்ட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். நல்ல மழை. கேட்டில் வாட்ச்மேன் பாஸ் கேட்டார். பாஸ் தருகிற சிஸ்டம் நெட்வொர்க்கில் இருந்தது. நெட்வொர்க்கை நான் கீழே தள்ளியிருந்தேன். நாற்பது நிமிடம் வாசலில் நனைந்துகொண்டே சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். உள்ளே போய் ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் நீல நிற கன்சோல் கேபிளைச் செருகி ஒரே வரி அடித்தேன், எல்லாம் வந்துவிட்டது. மணி நாலே கால். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு.

அன்றிலிருந்து தூரத்து ஸ்விட்சைத் தொடுமுன் 'ரீலோட் இன் 10' அடிக்காமல் தொட்டதில்லை. பத்து நிமிடத்தில் நான் வந்து ரத்து செய்யாவிட்டால் ஸ்விட்ச் தானே அணைந்து எழும், சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜூனிபர் கம்பெனிச் சாதனங்களில் இன்னும் அழகு, 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று ஒன்று. உறுதி செய்யாவிட்டால் பழையதுக்கே போய்விடும், அணைய வேண்டியதே இல்லை.

ஜூன் 23

ஒருவர் கேட்டிருக்கிறார், நேற்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது: 'அண்ணே, நீங்கள் இன்னும் கான்ஃபிகைச் சேமிக்கவே இல்லையே. வாட்ச்மேனிடம் சொல்லி அந்த ஸ்விட்சை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லியிருந்தால் போதுமே?'

ஆமாம்.

பதிமூன்று வருடம். மழை, பைக், கேட் பாஸ், எல்லாம் வீண். ஸ்விட்ச் அறைச் சாவி வாட்ச்மேனிடமேதான் இருந்தது.

ஜூன் 24

'ரீலோட் இன் 10' பற்றி எழுதினேன், மறுபாதியை எழுதவில்லை. வேலை முடிந்ததும் 'ரீலோட் கேன்சல்' அடிக்க வேண்டும். 2012இல் அடிக்க மறந்தேன். எல்லாம் சரியாக முடிந்தது என்று மெயில் அனுப்பிய ஆறாவது நிமிடம் ஸ்விட்ச் தானாக அணைந்தது. மெயிலைத் திரும்பப் பெற அவுட்லுக்கில் ஒரு பட்டன் உண்டு, அது வேலை செய்யாது என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஜூலை 6

தம்பி பேக்கெட் ட்ரேசரில் மூன்று ரூட்டர் வைத்து ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஓடவிட்டுப் படம் போட்டிருக்கிறான். நன்று. ஆனால் 'பிங் போகுது, அதனால் எல்லாம் சரி' என்று கீழே எழுதியிருக்கிறான் பார், அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். இந்த வேலையில் நிறையப் பேருடைய பெயர் கெடுவது அந்த வரியால்.

கோயம்புத்தூரில் ஒரு கிளை. சென்னைத் தலைமை அலுவலகத்தோடு டனல், அதாவது வேறு நெட்வொர்க்குக்குள் போட்ட தனிப்பாதை, வழியாக இணைப்பு. புகார் இதுதான்: சின்ன மெயில் போகிறது, கோப்பு இணைத்தால் போகவில்லை. உள் மென்பொருளில் லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்ட் போட்டதும் வெள்ளைத் திரை. நாங்கள் பிங் போட்டுப் பார்த்தோம், ஒன்று கூடத் தவறவில்லை. 'நெட்வொர்க் சரியாக இருக்கிறது' என்று டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடினோம். மென்பொருள்காரர்கள் திறந்தார்கள். மூடினோம். மூன்று நாள் இப்படி டிக்கெட்டைப் பந்தாடினோம். கிளையில் இருந்த கணக்காளர் அம்மா பென் டிரைவைப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

நாலாவது நாள் சீனியர் ஒருவர் வந்தார். சாதாரணப் பிங்கில் போவது வெறும் 32 பைட், அது எந்தச் சந்திலும் நுழையும் என்றார். விண்டோஸில் 'பிங் -எஃப் -எல் 1472' என்று அடித்தார். எஃப் என்றால் வழியில் உடைக்காதே. 1472உடன் பேக்கெட்டின் முன்னால் ஒட்டுகிற தலைப்பு 28 சேர்ந்தால் சரியாக 1500, ஈதர்நெட் பேக்கெட்டின் உச்ச அளவு. போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்தார். 1448இல் போனது. அப்படியானால் வழியில் 1476க்கு மேல் இடமில்லை. 24 பைட்டை ஜிஆர்இ வகை டனலின் தலைப்பு தின்றுவிட்டது. பெரிய பேக்கெட் வந்தால் 'இது பெரிது, சிறியதாக அனுப்பு' என்று ரூட்டர் திருப்பிச் சொல்லும். ஐசிஎம்பி வகையைச் சேர்ந்த அந்தச் செய்தியை நடுவில் ஒரு ஃபயர்வால் 'ஐசிஎம்பி ஆபத்து' என்று தடுத்துவைத்திருந்தது. அனுப்பியவனுக்குத் தகவலே போகவில்லை, அவன் பெரிய பேக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தான். டனலில் எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பேக்கெட்டில் போகும் தரவின் உச்சத்தை, 1436 என்று ஒரு வரி போட்டார். முடிந்தது.

நெட்வொர்க்காரன் மேல் குற்றம் முதலில் விழும். நாம் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்கிற வேலைதான் நாளில் பாதி. ஆனால் அந்த மூன்று நாளும் குற்றவாளி நாங்களேதான். 32 பைட்டைச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 20

நேற்று காலை பத்து மணியிலிருந்து போன் ஓயவில்லை. 'நெட்வொர்க் போச்சா? ஏர்போர்ட்டில் எல்லாம் நின்றுவிட்டதாமே?' நெட்வொர்க் போகவில்லை சார். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட், விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் உட்காரவைத்துவிட்டது. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாக் குழுவும் சேர்ந்து பேசும் எங்கள் பிரிட்ஜ் காலிலும் முதல் ஒரு மணி நேரம் எங்களைத்தான் குடைந்தார்கள். ஸ்விட்ச் போர்ட்டெல்லாம் பச்சையாக இருக்கிறது, கணினிதான் எழவில்லை என்று படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

உண்மையிலேயே நெட்வொர்க் போன நாள் வேண்டுமானால் 2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம். நம் ஊரில் இரவு ஒன்பது மணி வாக்கில் போனது. வழக்கமான பராமரிப்பில், முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவைப் பார்க்க ஒரு கட்டளை. அது எல்லா இணைப்பையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க ஒரு கருவி இருந்தது, அதில் ஒரு பிழை. தரவு மையங்கள் கைக்கு எட்டாததால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் 'எனக்கே உடம்பு சரியில்லை' என்று, உலகத்துக்கு வழி சொல்லும் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டன. தூரத்திலிருந்து உள்ளே போக வழியில்லை, ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. பாதுகாப்புக் கெடுபிடியில் உள்ளே நுழையவே நேரம் பிடித்தது.

படித்தபோது எனக்கு அந்த வாட்ச்மேன்தான் ஞாபகம் வந்தார்.

ஆகஸ்ட் 3

அடுத்த வாபஸ். கோடிங் வேண்டாம் என்றேன் இல்லையா.

போன மாதம் 140 ஸ்விட்ச்களில் ஒரு பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருந்தது. பழைய கணக்குப்படி இரண்டு பேர், இரண்டு இரவு. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, பைத்தானில் நெட்மிகோ என்ற நூலகத்தை வைத்து முப்பது வரி எழுதினாள். பதினொரு நிமிடம். நான் டீ வாங்கப் போய்விட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் என்னிடம் 'சார், இதில் ஏதாவது தவறு இருக்கிறதா' என்று கேட்டாள். தவறு இருந்தால் கண்டுபிடிக்கத் தெரியாத நிலையில் நான் இருந்தேன். அது சங்கடமாகத்தான் இருந்தது.

மென்பொருள் எழுதுகிறவன் அளவுக்கு வேண்டாம் தம்பி. ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளே போய், ஒரு கட்டளை அடித்து, வந்த பதிலைக் கோப்பில் எழுதத் தெரிந்தால் போதும். பிடிக்கவில்லை என்றாயே, கல்லூரியில் பிரமிடு வடிவத்தில் நட்சத்திரம் அச்சடிக்கச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. இதில் நட்சத்திரம் இல்லை.

ஆகஸ்ட் 4

பதினொரு நிமிடத்தில் 140 ஸ்விட்சைச் சரி செய்யலாம் என்றால், பதினொரு நிமிடத்தில் 140 ஸ்விட்சையும் கெடுக்கலாம். முதலில் ஒன்றில் ஓட்டு. அப்புறம் ஐந்தில். அவளும் அப்படித்தான் செய்தாள், நேற்று சொல்ல விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18

நைட் ஷிஃப்ட். அது எப்படி இருக்கும் என்ற கேள்வி வந்து இரண்டு மாதம் ஆகிறது, இதை நான் நழுவவிட்டுக்கொண்டே வருகிறேன்.

ஆரம்பம் பெரும்பாலும் நாக் (NOC), அதாவது நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் அறையில்தான். சுவரெல்லாம் திரை, திரையெல்லாம் லிங்க், சிவப்பானால் டிக்கெட் திற, கைப்புத்தகத்தில் இருக்கிறபடி நாலு சோதனை செய், முடியாவிட்டால் அடுத்த லெவலுக்குத் தள்ளு. சுழற்சி ஷிஃப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. எனக்கு மூன்று வருடம். முதல் ஆறு மாதம் உடம்பு கேட்கவே இல்லை. பகலில் தூங்கினால் பக்கத்து வீட்டு மிக்ஸி, குழம்பு தாளிக்கிற வாசனை, 'இந்த நேரத்தில் என்ன தூக்கம்' என்று சித்தப்பா. என் சம்பளம் 8,500. என் கூடப் படித்து மென்பொருளுக்குப் போனவன் இரண்டு மடங்கு வாங்கினான்.

ஆனால் இரவு மூன்று மணிக்குத்தான் சீனியர்கள் பேசுவார்கள். பகலில் மூச்சுவிட நேரமில்லாதவர், இரவில் மாற்றம் செய்யும்போது பக்கத்தில் உட்காரவைத்து 'இது ஏன் தெரியுமா' என்று ஆரம்பிப்பார். பிஜிபி எனக்கு அப்படித்தான் புரிந்தது, தயிர்சாத டப்பாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: வீட்டில் நைட் ஷிஃப்டுக்கு விடமாட்டார்கள், அதனால் இந்தத் துறையே வேண்டாம் என்கிறார்கள் என்று. எங்கள் இடத்தில் பெண்களும் இரவில் வேலை செய்கிறார்கள், கேப் வீட்டு வாசல் வரை வந்து செக்யூரிட்டியோடு விடுகிறது. எல்லா இடத்திலும் அப்படி என்று என்னால் சொல்ல முடியாது. நேர்முகத்தில் நேராகக் கேளுங்கள், கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். இதற்கு மேல் இதில் எனக்கு அனுபவம் இல்லை, அக்காக்கள் யாராவது எழுதினால் நல்லது.

செப்டம்பர் 14

'எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி எதற்கு நெட்வொர்க் ஆள்?' வருடத்துக்கு ஒருவர் கேட்பார். அமேசான் கிளவுடில் ஒரு சப்நெட்டை /28 என்று வெட்டிப் பார். 16 முகவரி, இரண்டு போனால் 14 என்று நினைப்பாய். 11தான் கிடைக்கும். முதல் நாலும் கடைசி ஒன்றும் அவர்களுக்கு. எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட் டேபிள் அங்கேயும் இருக்கிறது, அலுவலகத்தையும் கிளவுடையும் இணைக்க டனலும் பிஜிபியும் அங்கேயும் இருக்கின்றன. இரும்பைத் தொடுகிற வேலை குறைந்திருக்கிறது, அது நிஜம். கணக்கு மாறவில்லை.

(62 என்று திருத்திய நாலு பேரும் இந்தக் கணக்கைச் சரி பார்த்துவிடுங்கள்.)

அக்டோபர் 5

இரும்பைத் தொடுகிற வேலை குறைந்தது என்று எழுதிவிட்டு, நேற்று ஆறு மணி நேரம் ரேக்குக்குப் பின்னால் மண்டி போட்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் இருநூறு கேபிளில் ஒன்றுக்குக்கூட லேபிள் ஒட்டாமல் போயிருக்கிறான். எல்லாம் ஒரே நீலம். ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்து, மறுமுனை எங்கே அசைகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி, கிணற்றில் பாத்திரம் தேடுகிற மாதிரி. ஒரு இடத்தில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் இருந்தது. இப்படிச் சுற்று விழுந்தால் தானே ஒரு பக்கத்தை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ இருந்ததால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் ஒரு பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கையும் படுக்கவைத்திருக்கும். அதை 1985இல் கண்டுபிடித்த ரேடியா பெர்ல்மனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் பிளக் மாட்டுவது, பழகிக்கொள். ஒயர் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முதல் இருபது வீணாகும். விரல் நுனி எரியும். என் அம்மா இன்னமும் உறவினர்களிடம் 'ஒயர் வேலை' என்றுதான் சொல்கிறார். போன பொங்கலுக்கு மாமா வீட்டு சீலிங் ஃபேனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன், கண்டென்சர்தான் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன்.

அப்புறம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ 3560 ஸ்விட்ச் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், கன்சோல் கேபிளைச் செருகி நிஜப் பெட்டி எழுவதைப் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் அதன் ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. என் அப்பா மாவரைக்கிற சத்தம் என்று நினைத்து அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார்.

அக்டோபர் 26

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது! இரண்டாவது முயற்சியில் சிசிஎன்ஏ, ஏழாவது நேர்முகத்தில் வேலை. நாக், எல்1 (முதல் லெவல்), சென்னை. மேக் முகவரிக் கேள்வியைக் கேட்டார்களாம், வார்த்தை மாறாமல். என்னைத்தான் சந்தேகப்படுகிறான். நான் இல்லை தம்பி, அது எல்லோரும் கேட்கிற கேள்வி.

முதல் நாள் என்ன கொண்டுபோக என்று கேட்கிறாய். ஸ்வெட்டர். சிரிக்காதே, சாதனங்களுக்காக ஏசி வைத்திருப்பார்கள், மனிதர்களுக்காக அல்ல. ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் என்ன சொன்னார்கள், உண்மையில் என்னவாக இருந்தது என்று இரண்டு பத்தி. மூன்று மாதம் எழுதினால் சொன்னதற்கும் இருந்ததற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். அடுத்த வாரம் தீபாவளி. புதிதாகச் சேர்ந்தவனுக்குத்தான் அன்று ஷிஃப்ட் போடுவார்கள், அம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

டிசம்பர் 1

புயல் நேற்று புதுச்சேரி பக்கம் கரையேறியபோது தம்பி ஷிஃப்டில் இருந்திருக்கிறான். இரவு இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி: 'அண்ணா, 31 லிங்க் டவுன். சீனியர் தண்ணியில மாட்டிக்கிட்டார், வரல. எதுல ஆரம்பிக்கிறது?'

அவனோடு பேசியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். 31ஐயும் ஒவ்வொன்றாகப் பார்க்காதே, சாதனங்கள் நடந்ததை எழுதிவைக்கும் லாகைத் திற என்றேன். சில ரூட்டர்களும் மோடம்களும் கரண்ட் போகிற நொடியில், உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரத்தை வைத்து 'சாகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். டையிங் காஸ்ப் என்பார்கள், கடைசி மூச்சு. அந்தச் செய்தி இருந்தால் கரண்ட். பேட்டரி தீர்ந்திருக்கும், கரண்ட் வந்தால் தானாக எழும், ஆளை அனுப்பி அவன் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். செய்தி இல்லாமல் பொசுக்கென்று போயிருந்தால் ஃபைபர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இருபது நிமிடம் பதில் இல்லை. பிறகு வந்தது: 27இல் கடைசி மூச்சு இருக்கிறது, நாலில் இல்லை. அந்த நாலும் ஒரே ஃபைபர் பாதை. அதற்கு மட்டும் டிக்கெட் போட்டு, மழை நின்ற பிறகு ஆள் போனால் போதும் என்று எழுதியிருக்கிறான். காலையில் போய்ப் பார்த்தார்கள், மரம் விழுந்து கம்பத்தோடு சாய்ந்திருந்தது. 27இல் இருபது, கரண்ட் வந்ததும் தானே எழுந்துவிட்டன.

ஆறரை மணிக்குக் கடைசியாக எழுதினான்: 'கேப் வரல. அடுத்த ஷிஃப்ட் ஆளும் வரல. ஸ்வெட்டர் மட்டும் இருக்கு.'